வீட்டில் கட்டும் ஆஃப்-ரோடு பக்கி: சக்கரம் ஏறி இறங்கும்போது தானாகத் திரும்புகிறது, ரேக்கை எங்கே வைப்பது?

மண்பாதை (கேள்வி)

ஒருவர் மட்டும் உட்காரும் பக்கி (கரடுமுரடான பாதைக்கான சிறு திறந்த வண்டி). எஞ்சின் பின்னால், இழுவையும் பின்சக்கரத்தில். வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) 1600 மி.மீ., முன் ட்ராக் (இரு முன் சக்கரங்களின் நடுத்தள இடைவெளி) 1300 மி.மீ. ஓட்டுபவரோடு சேர்த்து 320 கிலோ வரும், அதில் 42 சதவீதம் முன் சக்கரங்களில். முன் டயர் 23×7-10, ரிம் 10×5, ஆஃப்செட் 3+2 (ஹப் முகத்துக்கு உள்ளே 3 அங்குலம், வெளியே 2).

முன்பக்கம் டபுள் விஷ்போன் (ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் இரு ஏ வடிவக் கரங்கள் பிடிக்கும் அமைப்பு). மேல் ஏ-ஆர்ம், கீழ் ஏ-ஆர்ம் இரண்டும் 350 மி.மீ., ஒன்றுக்கொன்று இணை. சேஸிஸில் கீழ் பிவட்டுகளுக்கு (ஆர்ம் ஆடும் கீல்கள்) இடையே 420 மி.மீ. கையில் இருக்கும் ரேக்கில் (ஸ்டீயரிங்கைச் சுற்றினால் பக்கவாட்டில் நகரும் பல்தண்டு) இரு உள் பால் ஜாயின்ட் மையங்களுக்கு இடையே 360 மி.மீ., ஸ்டீயரிங்கை ஒரு சுற்றுச் சுற்றினால் 44 மி.மீ. நகரும். ரேக்கை முன் அச்சுக்குப் பின்னால், கீழ் பிவட்டைவிட 60 மி.மீ. உயரத்தில் பொருத்தியிருக்கிறேன். அந்த மட்டத்தில் ஏற்கெனவே ஒரு குறுக்குக் குழாய் இருந்ததுதான் காரணம். நக்கிளில் (சக்கர ஹப்பைத் தாங்கித் திரும்பும் பாகம்) ஸ்டீயரிங் ஆர்ம் நீளம் 100 மி.மீ., பின் அச்சின் நடுவைப் பார்த்து உள்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதன் நுனி கீழ் பால் ஜாயின்ட் மட்டத்தில்.

ஷாக் மாட்டாமல், முழு அளவில் ஒரு பக்கத்தைக் கட்டி கையால் தூக்கிப் பார்த்தேன். ஆர்ம்கள் கிடைமட்டமாக இருக்கும்போது சக்கரம் நேர். 100 மி.மீ. தூக்கினால் டயரின் முன் விளிம்பு 50 மி.மீ.க்கு மேல் உள்ளே திரும்புகிறது. 80 மி.மீ. இறக்கினால் 45 மி.மீ. அளவுக்கு வெளியே போகிறது. இன்னும் எதையும் முழுதாக வெல்டிங் செய்யவில்லை, டாக் (புள்ளி வெல்டிங்) மட்டும்தான். எதை மாற்ற வேண்டும்? ஆர்ம் நீளங்கள் சரிதானா? மொத்தம் 220 மி.மீ. சக்கரப் பயணம் வேண்டும்.

---

இரும்புக்கூடு

இது பம்ப் ஸ்டீயர். அதுவும் 10 டிகிரி அளவுக்கு இருக்கிறது, இந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது. ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினால் அந்தச் சக்கரம் மட்டும் தானாகத் திரும்பிவிடும்.

காரணத்தை உங்கள் அளவுகளே சொல்கின்றன. தூக்கும்போது உள்ளே, இறக்கும்போது வெளியே, அதாவது எதிரெதிர்த் திசை. அப்படி வந்தால் டை ராடின் (ரேக்கை நக்கிளோடு இணைக்கும் தண்டு) உயரம் தவறு. தூக்கினாலும் இறக்கினாலும் ஒரே பக்கம் திரும்பினால் நீளம் தவறு. ரேக் அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் டை ராட் குட்டையாக இருந்தால் பயணத்தின் இரண்டு முனையிலும் டோ-அவுட் (சக்கரத்தின் முன் விளிம்பு வெளியே திரும்புவது) வரும், நெட்டையாக இருந்தால் டோ-இன் (உள்ளே திரும்புவது). ரேக் முன்னால் இருந்தால் இது தலைகீழ்.

உங்கள் டை ராட் ரேக்கிலிருந்து வெளியே போகும்போது 60 மி.மீ. கீழே சாய்கிறது, ஆர்ம்களோ கிடைமட்டம். சக்கரம் 100 ஏறும்போது 350 மி.மீ. ஆர்ம் தன் வட்டத்தில் 14.6 மி.மீ. உள்ளே வருகிறது. அதே நேரத்தில் சாய்ந்திருந்த டை ராட் நிமிர்ந்து, அதன் வெளி நுனி 3 மி.மீ. அளவு வெளியே போகிறது. ஆக நக்கிளின் பின்பகுதியை ஏறத்தாழ 17.5 மி.மீ. வெளியே தள்ளுகிறது. 100 மி.மீ. ஸ்டீயரிங் ஆர்மில் அது 10 டிகிரிக்கு மேல். நீங்கள் அளந்த 50 மி.மீ. அதுதான்.

ரேக்கைக் கீழ் பிவட் மட்டத்துக்கு இறக்குங்கள். கூடவே ரேக்கின் இரு முனையிலும் 30 மி.மீ. நீட்டிப்புத் துண்டு போட்டு 360-ஐ 420 ஆக்குங்கள். உள் ஜாயின்ட்டுகள் பிவட்டுகளுக்கு நேராக வந்துவிடும்.

---

சுழல்தண்டு

உயரத்தைப் பற்றி இரும்புக்கூடு சொன்னது முழுக்கச் சரி. நீட்டிப்புத் துண்டு மட்டும் வேண்டாம், அது இருக்கும் நல்லதையும் கெடுத்துவிடும்.

உள் ஜாயின்ட் பிவட்டுக்கு நேராக வர வேண்டும் என்ற விதி, வெளி ஜாயின்ட்டும் கிங்பின் கோட்டின் (மேல், கீழ் பால் ஜாயின்ட்டுகளை இணைக்கும், சக்கரம் திரும்பும் அச்சு) மேலேயே இருந்தால்தான் பொருந்தும். இங்கே ஸ்டீயரிங் ஆர்ம் உள்பக்கம் 19 டிகிரி சாய்ந்திருக்கிறது (பாதி கிங்பின் இடைவெளி 550, வீல்பேஸ் 1600). அதனால் வெளி ஜாயின்ட் பால் ஜாயின்ட்டைவிட 33 மி.மீ. உள்ளே இருக்கிறது. வெளி முனை எவ்வளவு உள்ளே வந்ததோ, உள் முனையும் அவ்வளவு உள்ளே வந்தால்தான் டை ராட் ஆர்மோடு சேர்ந்து ஒரே வட்டத்தில் ஆடும். 420-இல் இரண்டு பக்கமும் 33 கழித்தால் 354. உங்கள் ரேக் 360. பக்கத்துக்கு 3 மி.மீ.தான் வித்தியாசம், தற்செயலாக மிக நன்றாகப் பொருந்துகிறது! 420 ஆக நீட்டினால் டை ராட் 30 மி.மீ.க்கு மேல் குட்டையாகி, பயணத்தின் இரு முனையிலும் 1 டிகிரிக்கு மேல் டோ-அவுட் வரும். நீட்டிய துண்டு ரேக் தண்டை வளைக்கும் நெம்புகோலாகவும் ஆகிவிடும்.

அடுத்த சிக்கல், ரேக்கை அப்படியே கீழ் மட்டத்துக்கு இறக்கினால் டை ராடும் கீழ் ஆர்மின் பின் காலும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும். டை ராட் அச்சுக்கு 95 மி.மீ. பின்னால் நேராக ஓடுகிறது. பின் கால் பால் ஜாயின்ட்டில் தொடங்கிச் சேஸிஸில் அதற்கும் பின்னால் போய் முடியும். அதனால் ரேக்கை 60-இலிருந்து 40-க்கு இறக்குங்கள், ஸ்டீயரிங் ஆர்மின் நுனியைக் கீழ் பால் ஜாயின்ட்டைவிட 40 மேலே ஏற்றுங்கள். இந்த உயரங்கள் ஆர்ம்கள் கிடைமட்டமாக இருக்கும் நிலையில் அளக்க வேண்டியவை. டை ராட் கீழ் ஆர்முக்கு இணையாக இருக்கும், 25 மி.மீ. ஆர்ம் குழாய்க்கும் 16 மி.மீ. டை ராடுக்கும் நடுவே 20 மி.மீ. அளவு இடைவெளியும் கிடைக்கும். கல் அடிக்காமல் ஆர்மே கவசமாக நிற்கும்.

சம நீள ஆர்ம்களை விட்டுவிடுங்கள். அவற்றில் சக்கரம் எவ்வளவு ஏறினாலும் சேஸிஸைப் பொறுத்துக் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாயும் கோணம்) மாறாது. அதனால் வளைவில் பாடி 4 டிகிரி சாய்ந்தால், வெளிச் சக்கரமும் அதே 4 டிகிரி வெளியே சாயும். கீழ் ஆர்ம் 350 இருக்கட்டும், மேல் ஆர்மை 280 ஆக்குங்கள். நக்கிளில் இரு பால் ஜாயின்ட்டுகளுக்கு நடுவே 150 மி.மீ. இருந்தால், கிடைமட்டத்திலிருந்து 110 ஏறும்போது ஏறத்தாழ 2 டிகிரி நெகடிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) கிடைக்கும். கிங்பின் சாய்வு 10 டிகிரி என்றால் மேல் பிவட்டுகளின் இடைவெளி 507 அளவில் வரும். அதாவது மேல் பிவட் ஒவ்வொன்றும் கீழ் பிவட்டைவிட 43 மி.மீ. வெளியே. சேஸிஸின் முன்முகம் மேலே அகலமாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்த அளவுகளில் 360 ரேக்கோடு பயணத்தின் இரு கடைசி முனையிலும் மிஞ்சும் டோ மாற்றம் அரை டிகிரிக்குள் அடங்கும். சேறிலும் மணலிலும் ஓடும் வண்டிக்கு அது போதும்.

ஆக்கர்மன் (வளைவில் உள் சக்கரம் வெளிச் சக்கரத்தைவிட அதிகம் திரும்பும் அமைப்பு) பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிச் சக்கரக் கோணத்தின் காட் (கோடேன்ஜென்ட்) மதிப்பிலிருந்து உள் சக்கரக் கோணத்தின் காட் மதிப்பைக் கழித்தால், கிங்பின் இடைவெளியை வீல்பேஸால் வகுத்த விடை வர வேண்டும். உங்களுக்கு 1100/1600, ஏறத்தாழ 0.69. உள் சக்கரம் 38 டிகிரி என்றால் வெளிச் சக்கரம் 27. ஆனால் பின் அச்சின் நடுவைக் குறிபார்க்கும் ஆர்ம், ரேக்கோடு சேரும்போது அந்த 27-ஐத் தராது, 30 பக்கம் வரும். தளர்ந்த மண்ணில் டயர் எப்படியும் கொஞ்சம் வழுக்கும், அந்த 3 டிகிரிக்காக மெனக்கெட வேண்டியதில்லை. 38 டிகிரிக்கு ரேக் ஒரு பக்கம் 51 மி.மீ. நகர வேண்டும், லாக் டு லாக் (ஒரு கடைசியிலிருந்து மறு கடைசி வரை) 2.3 சுற்று. திருப்பு ஆரம் ஏறத்தாழ 3.5 மீட்டர்.

38-ஐத் தாண்ட ஆசைப்படாதீர்கள். உள் சக்கரம் 38-இல் இருக்கும்போது டை ராடுக்கும் ஸ்டீயரிங் ஆர்முக்கும் இடையே மிஞ்சும் கோணம் 26 டிகிரி அளவுதான். அது குறையக் குறைய இரண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வரும். கோட்டைத் தாண்டிவிட்டால் சக்கரம் அந்தப் பக்கமே பூட்டிக்கொள்ளும், திருப்பவே முடியாது. 25-க்குக் கீழே எந்த நிலையிலும் போகக் கூடாது.

---

பழைய_லேத்

நக்கிளைப் பற்றி யாரும் பேசவில்லை. கையை உடைப்பது அதுதான்.

கிங்பின் கோடு, ஹப் உயரத்தில், சக்கர நடுத்தளத்திலிருந்து எவ்வளவு உள்ளே இருக்கிறது? 1300 ட்ராக், 1100 கிங்பின் இடைவெளி என்றால் 100 மி.மீ. டயரின் சுமை ஆரம் 280 மி.மீ. என்று வைத்தால், 10 டிகிரி கிங்பின் சாய்வு தரையில் 49 மி.மீ. குறைக்கும், ஸ்கிரப் ஆரம் (தரையில் கிங்பின் கோட்டுக்கும் டயர் நடுவுக்கும் உள்ள தூரம்) 51 மி.மீ. இந்த 51-ஐப் பார்த்துத்தான் பலரும் திருப்தி அடைகிறார்கள். பிரேக் பிடிக்கும்போது, டிஸ்க் சக்கரத்தில் இருந்தால், அந்த 51 தான் கணக்கு. ஆனால் தடையில்லாமல் உருளும் சக்கரம் கல்லில் மோதும்போது விசை ஹப் மையத்தின் வழியாகத்தான் நக்கிளுக்குப் போகிறது, அப்போது நெம்புகோல் 100 மி.மீ. முழுசாக! கிங்பினை எவ்வளவு சாய்த்தாலும் இது குறையாது.

3000 நியூட்டன் மோதல் ஒன்று வந்தால் கிங்பினில் 300 நியூட்டன்-மீட்டர், டை ராடில் ஏறத்தாழ 3000 நியூட்டன். பினியன் (ரேக்கை நகர்த்தும் பல்சக்கரம்) ஆரம் 7 மி.மீ. என்பதால் ஸ்டீயரிங் தண்டில் 21 நியூட்டன்-மீட்டர். 150 மி.மீ. ஆர ஸ்டீயரிங் வீலின் விளிம்பில் 140 நியூட்டன், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில். கட்டைவிரலை ஸ்போக்குக்குள் விட்டு ஓட்டினால் விரல் போய்விடும்.

எளிய தீர்வு ரிம்மில் இருக்கிறது. 3+2-க்குப் பதில் 4+1 ரிம் போட்டால் சக்கரம் 25 மி.மீ. உள்ளே வரும். ஹப் தூரம் 75, ஸ்கிரப் 26. மோதல் சுமையில் கால்வாசி அங்கேயே போய்விடும். ட்ராக் 50 மி.மீ. குறையும். ஆனால் கீழ் பால் ஜாயின்ட் ரிம்மின் உள் விளிம்புக்குப் பக்கத்தில் வந்துவிடும். ரிம்மைக் கையில் வைத்து, இரு பக்கமும் முழு லாக்கில் திருப்பி, காலிப்பரோடு சேர்த்து அளந்த பிறகே நக்கிளை வெட்டுங்கள். ரிம், ஹப், நக்கிள், ரேக், அப்புறம் ஆர்ம், கடைசியாகத்தான் சேஸிஸ். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டவர்களுக்குத்தான், இருக்கும் குறுக்குக் குழாய் ரேக்கின் உயரத்தைத் தீர்மானிக்கும்.

காஸ்டர் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கிங்பின் கோட்டின் மேல்முனை பின்னால் சாயும் கோணம்) 8 டிகிரி வையுங்கள். தரையில் 39 மி.மீ. ட்ரெயில் (கிங்பின் கோடு தரையைத் தொடும் புள்ளிக்கு டயர் எவ்வளவு பின்னால் தொடுகிறது என்பது) வரும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பும். கிங்பின் சாய்வு முழு லாக்கில் வெளிச் சக்கரத்தை வெளியே சாய்க்கும், காஸ்டர் அதை உள்ளே சாய்த்து ஈடுகட்டும். இரு ஆர்ம்களின் பிவட் அச்சுகளையும் முன்பக்கம் உயர்த்திச் சமமாகச் சாய்த்தால் சக்கரம் ஏறும்போது கொஞ்சம் பின்னாலும் நகரும், கல்லின் அடி மென்மையாகும். அதற்கு விலையாகப் பிரேக் பிடிக்கும்போது மூக்கு கூடுதலாகக் குனியும். 5 டிகிரிக்கு மேல் அந்தச் சாய்வு வேண்டாம் என்பது என் கருத்து.

---

மண்பாதை

மிக்க நன்றி. ரேக் 40, ஆர்ம் நுனி 40, மேல் ஆர்ம் 280 என்று வரைபடத்தை மாற்றிவிட்டேன். 4+1 ரிம்மும் பார்க்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். வெளி முனையில் பால் ஜாயின்ட்டுக்குப் பதில் எம்12 ராட் எண்ட் (நுனியில் பந்து மூட்டுள்ள மரைத் தண்டு) போடலாமா? ஸ்பிரிங் எவ்வளவு கடினம் வேண்டும்? ஸ்டீயரிங் தண்டு நேராகப் போனால் என் மார்புக்கு நேராக வருகிறது, அதை எப்படித் திருப்புவது?

---

இரும்புக்கூடு

நீட்டிப்புத் துண்டு விஷயத்தில் சுழல்தண்டு சொன்னதே சரி. ஆர்ம் சாய்வை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் பதிலில் அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

ஸ்பிரிங் கணக்கு. முன்பக்கம் 134 கிலோ, ஒரு மூலைக்கு 67. சக்கரம், நக்கிள், பிரேக் எல்லாம் 15 கிலோ என்று கழித்தால் ஸ்பிரிங் தாங்கும் எடை 52. இவ்வகை வண்டிக்கு 1.5 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். சக்கரத்தில் வேண்டிய கடினம் ஒரு மி.மீ.க்கு 4.6 நியூட்டன்.

ஷாக்கின் கீழ் முனையை ஆர்ம் நீளத்தில் 0.72 பங்கில், உள் பிவட்டிலிருந்து 252 மி.மீ. தூரத்தில் பிடித்து, ஷாக்கை 25 டிகிரி சாய்த்தால் மோஷன் ரேஷியோ (சக்கர நகர்வில் ஷாக் நகரும் பங்கு) 0.65. சக்கரம் 220 போனால் ஷாக் 143 மி.மீ. போகும். ஸ்பிரிங் கடினம் வேண்டுமென்றால் 4.6-ஐ 0.65-ஆல் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை வகுக்க வேண்டும். விசையும் மாறுகிறது, நகர்வும் மாறுகிறது. விடை ஒரு மி.மீ.க்கு 10.9 நியூட்டன். ஒரு தடவை மட்டும் வகுத்து 7.1 வாங்கிப் போட்டால் வண்டி முதல் பள்ளத்திலேயே அடி தட்டும்.

220-இல் 75 மி.மீ. கீழே இறங்க, 145 மேலே ஏற விடுங்கள். அப்படி வைத்தால் நிற்கும் நிலையில் ஆர்ம்கள் வெளியே போகும்போது 35 மி.மீ. கீழே சாய்ந்திருக்கும், பயணத்தின் சரி நடுவில் கிடைமட்டமாகும். 52 கிலோவுக்கு இந்த ஸ்பிரிங் சக்கரத்தில் 110 மி.மீ. அமுங்கும். இறக்கம் 75 தான் என்பதால் மிச்ச 35-ஐ ப்ரீலோடாக (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிவைப்பது) ஏற்ற வேண்டும், ஷாக்கில் அது 23 மி.மீ. முழு இறக்கத்தில் ஷாக்கே தடையாக நிற்கக் கூடாது, அதன் உள் வாஷர் பிய்ந்துவிடும். நைலான் வார் ஒன்றைச் சேஸிஸிலிருந்து கீழ் ஆர்முக்குக் கட்டுங்கள். முழு ஏற்றத்தில் ரப்பர் பம்ப் ஸ்டாப்.

கீழ் ஆர்ம் குழாயைக் குறைத்து எடுக்காதீர்கள். வண்டி பறந்து இறங்கும்போது ஒரு சக்கரத்தில் நிலை எடையின் 5 மடங்கு, 3300 நியூட்டன், என்று எடுத்தால் ஷாக் பிடிக்கும் இடத்தில் 323 நியூட்டன்-மீட்டர் வளைவு. 25.4 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் குழாய் இரண்டு சேர்ந்து அதைத் தாங்கும்போது அழுத்தம் 200 மெகாபாஸ்கல் வருகிறது. சாதா மைல்டு ஸ்டீலின் 250-க்கு அது மிகவும் நெருக்கம். 4130 குரோம்-மாலி என்றால் 435 வரை தாங்கும். மைல்டு ஸ்டீல்தான் இருக்கிறது என்றால் ஷாக்கின் கீழ் முனையைப் பால் ஜாயின்ட்டுக்கு நெருக்கமாகக் கொண்டுபோங்கள், மோஷன் ரேஷியோவை மறுபடி கணக்கிடுங்கள். ஷாக் பிராக்கெட் இரு குழாய்களையும் தழுவி நிற்கட்டும், ஒற்றைக் குழாயின் முதுகில் ஒட்டாதீர்கள்.

---

பழைய_லேத்

ராட் எண்ட் கேள்விக்கு: கீழ் வெளி முனையில் வேண்டவே வேண்டாம். அங்கே வண்டியின் எடையும் அடியும் மரையுள்ள தண்டை வளைக்கும். மரையின் அடிப்பள்ளத்தில் விரிசல் தொடங்கி, முன்னறிவிப்பில்லாமல் முறியும். ஆடும் கோணமும் பொருந்தாது. 350 ஆர்ம் ±110 ஆடினால் ±18 டிகிரி, 280 மேல் ஆர்மில் ±23. சாதாரண ராட் எண்ட் 12 முதல் 15 டிகிரியில் முட்டிக்கொள்ளும், அதன்பின் ஒவ்வொரு அடியும் போல்ட்டை வெட்டும். சிறிய காரின் கீழ் பால் ஜாயின்ட்டை வாங்கி, ஆர்மின் நுனியில் கடைந்த கப்பில் இறுக்குங்கள். கப்பின் அச்சைக் கிங்பின் சாய்வுக்கு ஏற்பத் திருப்பி, ஆட்டத்தின் நடுவில் ஸ்டட் நடுவே நிற்கும்படி வெல்டிங் செய்ய வேண்டும். கப்பை வெல்டிங் செய்து ஆறிய பிறகே ஜாயின்ட்டைப் போடுங்கள், சூட்டில் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் இருக்கை உருகிவிடும்.

டை ராடின் இரு முனைக்கும் ராட் எண்ட் சரி, ஆனால் ஆடும் கோணத்துக்கான கூம்பு ஸ்பேசரோடு. ஒரு முனை வலது மரை, மறு முனை இடது மரை, இரண்டிலும் லாக் நட். மரை உள்ளே போகும் நீளம் விட்டத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையக் கூடாது. ஸ்டீயரிங் ஆர்மை இரு தகடுகளாக வெட்டி ராட் எண்ட்டை நடுவில் பிடியுங்கள், போல்ட் 10.9 கிரேடு. அதில் 2 மி.மீ. வாஷர்களுக்கு இடம் விட்டால் டை ராடின் உயரத்தைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம். ராட் எண்ட்டின் மேல் அதன் வெளிவளையத்தைவிடப் பெரிய வாஷர் ஒன்று இருக்கட்டும், பந்து கழன்றாலும் ராட் கீழே விழாது.

---

சுழல்தண்டு

தண்டு விஷயம். இரண்டு யூனிவர்சல் ஜாயின்ட் போட்டு ஒடித்துக் கொண்டுபோங்கள். முன்னால் இடித்தால் தண்டு மார்பை நோக்கி வராமல் நடுவில் மடங்கும். ஒற்றை ஜாயின்ட் 30 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் 0.87 மடங்கிலிருந்து 1.15 மடங்கு வரை ஏறி இறங்கும், ஸ்டீயரிங் ஓரிடத்தில் இறுகி, ஓரிடத்தில் தளர்ந்ததாகக் கைக்குத் தெரியும். இரண்டு ஜாயின்ட்டின் கோணமும் சமமாகவும், மூன்று தண்டுகளும் ஒரே தளத்திலும், நடுத்தண்டின் இரு முனைக் கவைகளும் ஒரே திசையிலும் இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று அழித்துவிடும். நடுத்தண்டை வெல்டிங் செய்யும்போது கவைகளை 90 டிகிரி திருப்பிவிட்டால் ஏற்ற இறக்கம் இரட்டிப்பாகும். மேல் தண்டுக்கு இரண்டு தாங்கி வேண்டும். முடிந்தவரை ஸ்ப்லைனும் கிளாம்ப் போல்ட்டும் போடுங்கள், வெறும் வெல்டிங்கை நம்பாதீர்கள்.

எல்லாம் டாக் செய்தபின் ஷாக் இல்லாமல் மறுபடி அளந்து பாருங்கள். ரேக்கை நடுவில் பூட்டி, ஹப்பில் 600 மி.மீ. நேரான தகடு ஒன்றைப் பிடித்து, 25 மி.மீ. படியாக ஏற்றி இறக்கி, தகட்டின் முன் முனைக்கும் பின் முனைக்கும் சேஸிஸ் நடுக்கோட்டிலிருந்து தூரம் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள 150 மி.மீ. பயணத்தில் வித்தியாசம் 3 மி.மீ.க்குள் வர வேண்டும். ஏறும்போது டோ-இன், இறங்கும்போது டோ-அவுட் என்று இன்னும் காட்டினால் வெளி ஜாயின்ட்டை ஒரு வாஷர் மேலே ஏற்றுங்கள், எதிர்மாறாகக் காட்டினால் இறக்குங்கள். இதே அளவீட்டை முழு இடது லாக்கிலும் முழு வலது லாக்கிலும் ஏற்றி இறக்கிச் செய்யுங்கள். அங்கே டோ பார்க்க வேண்டாம், டை ராட் ஆர்மைத் தொடுகிறதா, டயர் ஷாக்கைத் தொடுகிறதா, பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, முன்பு சொன்ன 25 டிகிரி மிஞ்சுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

லாக் தடையை நக்கிளில் வையுங்கள், ஒரு போல்ட் தலை கீழ் ஆர்மில் முட்டும்படி. ரேக்கின் உள் முனைக்கு முன்பே அது நிறுத்த வேண்டும், குறைந்தது 3 மி.மீ. ரேக் மிச்சம் இருக்கட்டும். சக்கரம் முழு லாக்கில் கல்லில் மோதினால் அந்த அடியை அப்போது நக்கிளும் ஆர்மும் வாங்கும், ரேக்கின் பற்கள் அல்ல. முதல் ஓட்டத்துக்கு டோ-இன் 3 மி.மீ., நெகடிவ் கேம்பர் 1 டிகிரி வைத்துத் தொடங்குங்கள். அரை மணி நேரம் ஓட்டியபின் லாக் நட்டுகள் அனைத்தையும் மறுபடி இறுக்கிவிட்டு டோவை அளந்து பாருங்கள், புது பிராக்கெட்டுகள் படிந்ததில் அது நகர்ந்திருக்கும்.